பொட்டி பேசாத வாரம்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ரமாபாயின் முகம் தெரிந்தவர்கள் ஒரு பிளாக்குக்குள் அடங்கிவிடுவார்கள். அவள் குரலோ ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எல்லா வீட்டுக்குள்ளும் அனுமதி கேட்காமலே போய்வரும். காலையில் கல் உப்பு வண்டி, வெயில் ஏறியதும் பழைய இரும்பு வண்டி, மதியத்துக்கு மேல் நைட்டி, பாய், பிளாஸ்டிக் குடம். எந்த லோடு ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தாலும் அதன் தலையில் கட்டியிருக்கும் ஸ்பீக்கரில் பேசுவது அவள்தான். வியாபாரிகள் வந்து என்ன விற்கிறோம் என்று சொல்வார்கள். அவள் அதைத் தன் வார்த்தையில் கோத்து, மைக்கில் பேசி, மூச்சு வாங்கிய இடங்களை வெட்டி, பின்னால் ஒரு மேளத்தை ஒட்டி, பென் டிரைவில் போட்டுக் கொடுப்பாள்.

ரமாபாய்க்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. வேலை முழுக்கக் கம்ப்யூட்டரில்தான். அதில் ஓடுவது லினக்ஸ். பார்வையற்றோர் சங்கத்தில் பழக்கமான ஃபர்ஹான் போட்டுக் கொடுத்தது; அவனுக்கும் பார்வை கிடையாது. திரையில் வருவதையெல்லாம் வாய்விட்டுப் படிக்கிற மென்பொருள் ஒன்று அதிலேயே இலவசமாக இருந்தது. அதன் தமிழ்க் குரல் மூக்கடைத்த ஆம்பிளைக் குரல். ரேஷன் கடை வரதனுக்குச் சளி பிடித்தால் இப்படித்தான் பேசுவார் என்று அவள் புருஷன் டில்லிபாபு ஒருநாள் சொல்லப்போக, அந்தக் குரலுக்கு வரதன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வரதனை அவள் தலைதெறிக்கிற வேகத்தில் பேசவைப்பாள். வேற்றாளுக்கு மிக்சி ஓடுகிற மாதிரி இருக்கும். அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். வரதன் சொல்லச் சொல்ல விரல் பட்டனைத் தேடிப் போகும்.

டில்லிபாபுவுக்குச் சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ இருக்கிறது. ரமாபாய் தயாரிக்கிற விளம்பரங்களில் பாதி அவன் வண்டியில்தான் ஊர் சுற்றும். மற்றபடி கம்ப்யூட்டருக்கும் அவனுக்கும் இருந்த சம்பந்தம் கிரிக்கெட் மட்டும். ரமாபாய் வீட்டில் இருந்தால் மானிட்டரை அணைத்தே வைத்திருப்பாள், அவளுக்கு எதற்கு அது. அவள் வெளியே போனால் அவன் மானிட்டரைப் போட்டு மேட்ச் பார்ப்பான்.

அந்தத் திங்கட்கிழமை ரமாபாய் புளியந்தோப்பில் அக்கா வீட்டுப் பேரனுக்குப் பெயர் வைக்கிற விசேஷத்துக்குப் போயிருந்தாள். டில்லிபாபு மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் திரையின் ஓரத்தில் ஒரு கட்டம் எழும்பியது. புதிய பதிப்பு தயார், மேம்படுத்தலாமா என்று கேட்டது. பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கட்டம்தான். ஒவ்வொரு தடவையும் அவன் 'பிறகு' என்பதை அமுக்கிவிட்டு அடுத்த பந்தைப் பார்ப்பான். அன்றைக்கு என்னவோ அவனுக்கு மனசு கேட்கவில்லை. இந்தக் கட்டம் ரமாவுக்குத் தெரியாது, நம் கண்ணில்தான் படுகிறது, அவளுக்காக நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. 'மேம்படுத்து' என்ற சொல்லும் அவனுக்குப் பிடித்திருந்தது. அமுக்கினான். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தான். மேட்ச் போனது பற்றிக்கூட வருத்தப்படாமல், கோடு நகர்ந்து நகர்ந்து நிரம்புவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

ரமாபாய் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டான். கம்ப்யூட்டர் பொட்டியைப் புச்சா ஆக்கிட்டேன், போய்ப் பாரு என்றான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பட்டனைத் தட்டினாள். சத்தம் இல்லை. இன்னொரு பட்டனைத் தட்டினாள். மின்விசிறி சுற்றுவது கேட்டது, பொட்டிக்குள்ளிருந்து சூடான காற்று வருவது முழங்காலில் பட்டது, வரதன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"இன்னாய்யா பண்ண?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். திரையில் பளபளவென்று புதுப் படம் ஒன்று வந்திருக்கிறது, மலையும் ஏரியுமாக ஷோக்காக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னான். ரமாபாய் இன்னும் இரண்டு பட்டனைத் தட்டிப் பார்த்தாள். பேசாத பொட்டி அவளுக்கு அம்மிக்கல் மாதிரி. இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. கோபம் வந்தது. ஆனால் அவன் நல்ல வார்த்தையைப் பார்த்துத்தான் அமுக்கியிருக்கிறான் என்று கேட்டதும் வந்த கோபத்துக்கு நடுவிலேயே சிரிப்பும் வந்துவிட்டது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது என்று தெரியாமல் அவள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பிரச்சினை என்னவென்றால் வாரக் கடைசியில் ஜெபசிங் அண்ணாச்சியின் புதுக் கடைத் திறப்பு. டோல்கேட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிக்குப் பூர்வீகம் சாத்தான்குளம் பக்கம். திருவொற்றியூர் தேரடியில் அடுத்த கடை போடுகிறார். கடைக்குத் தன் மகள் பெயரையே வைத்து 'ஜெஸ்லின் பாத்திர மாளிகை' என்று போர்டு எழுதியிருந்தார். அதற்கான விளம்பரத்தை ரமாபாய் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் ஜெஸ்லினே வந்தாள். மென்பொருள் கம்பெனி ஒன்றில் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அப்பா கொடுத்தனுப்பிய சரக்கு விவரத்தைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள் என்றாலும் அவளுக்கு வேறொரு மனக்குறை இருந்தது. பழைய கடைக்கும் இதே பெயர்தான். தெருவில் ஆட்டோ வரும்போதெல்லாம் 'ஜெஸ்லினுக்கு வாங்க, ஜெஸ்லினைப் பாருங்க' என்று அலறுகிறது. ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது பெங்களூரில் இருப்பவர்கள், 'யாரோ உன்னைத் தேடுகிறார்கள்' என்கிறார்களாம். பெயரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

குறைப்பதென்ன, இந்த வாரம் பெயரே வராது போலிருக்கிறது என்று சொல்லி ரமாபாய் நடந்ததைச் சொன்னாள். ஜெஸ்லின் உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். லினக்ஸ் அவளுக்குப் புதிது இல்லை. சிறிது நேரத்தில் ஒலியைக் கிளப்பிவிட்டாள். வரதன் பேசினார். ஆனால் அது வரதன் இல்லை. சளி போயிருந்தது. ஒவ்வொரு எழுத்தையும் தடவித் தடவிப் படித்தது. வேகத்தைக் கூட்டினால் சொற்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம் என்றுதான் ரமாபாய் நினைத்தாள். ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்தபோதுதான் உண்மையான பேஜாரு தெரிந்தது. திறந்த நொடியில் குரல் நின்றுவிட்டது. மூடினால் பேசியது. திறந்தால் ஊமை.

புதிய பதிப்பில் ஒலியைக் கவனிக்கிற பகுதி மொத்தமாக வேறு என்று ஜெஸ்லின் விளக்கினாள். ரமாபாயின் பழைய மைக் கருவிக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. வரதன், ரமாபாய் இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் வழிவிடுகிறது.

"ஒண்ணு அவன் பேசணும், இல்லாங்காட்டி நான் பேசணும்னா எப்டி ஜெஸ்லினு குடித்தனம் பண்றது?" என்றாள் ரமாபாய். "பழசுக்கே போயிடலாம். எறக்கிடு."

ஜெஸ்லின் தயங்கினாள். எல்லோரும் முன்னால்தான் போவார்கள், பின்னால் போவது வழக்கம் இல்லை, ஒரு மாதம் பொறுத்தால் இதற்குத் திருத்தம் வந்துவிடும் என்றாள். ரமாபாய்க்கு ஒரு மாதம் பொறுக்க முடியாது என்பது அவளுக்கே தெரிந்ததுதான். எனவே ஒலி சம்பந்தமான பகுதிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பழைய பதிப்புக்கு இறக்கிப் பார்த்தாள். ஒன்றை இறக்கினால் அதை நம்பியிருக்கிற நாலைத் தூக்கட்டுமா என்றது. சரி என்றாள். அந்த நாலை நம்பியிருந்த இன்னும் பலதைத் தூக்கட்டுமா என்றது. அதற்கும் சரி என்றாள். கடைசியில் அணைத்துவிட்டுப் போட்டபோது மலையும் ஏரியும்கூட வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் மினுக்கியது. பக்கத்தில் நின்ற டில்லிபாபு, இப்போது ஊமையோடு குருடும் ஆயிடுச்சா என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று நாக்கைக் கடித்துக்கொண்டான். ரமாபாய்தான் முதலில் சிரித்தாள். ஜெஸ்லின் சிரிக்கவில்லை. தான் வந்து கெடுத்ததாகவே அவளுக்கு இருந்தது. நாளைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன் அக்கா, சரி பண்ணாமல் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரமாபாய் போனில் ஃபர்ஹானைப் பிடித்தாள். அவன் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். நடந்ததைக் கேட்டு முதலில் டில்லிபாபு அண்ணனுக்குத் தன் பாராட்டைத் தெரிவிக்கச் சொன்னான். பிறகு விஷயத்துக்கு வந்தான். லினக்ஸில் ஏறுவதற்கு வழி போட்டு வைத்திருக்கிறார்கள், இறங்குவதற்குப் போடவில்லை. பாதிப் பழசும் பாதிப் புதுசுமாகக் கலந்தால் இப்படித்தான் ஆகும். ஒரே வழி, உன் கோப்புகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டு, பொட்டியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பழைய பதிப்பை முதலிலிருந்து போட வேண்டும் என்றான். பழைய பதிப்புக்கு இன்னும் கொஞ்ச காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அதுவரைக்கும் பயமில்லை, அப்புறம் நிதானமாக யோசிக்கலாம் என்றும் சொன்னான். நிறுவுகிற மென்பொருளே பேசும், ஆரம்பத்தில் ஒரு 'பீப்' கேட்கும், கேட்டதும் எஸ் எழுத்தையும் என்டரையும் தட்டினால் போதும், நீயே போட்டுவிடலாம் என்று அவன் சொன்னதைக் கேட்டு ரமாபாய்க்கு நிம்மதி வந்தது. இத்தனை வருஷம் பேசிய உப்பும் பாயும் குடமும் எல்லாம் அந்தப் பொட்டிக்குள்தான் கிடந்தன. அவற்றைப் பத்திரமாக எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் வேலைதான்.

மறுநாள் ஜெஸ்லின் தன் லேப்டாப்பும் வெளி டிஸ்க்குமாக வந்தாள். பென் டிரைவிலிருந்து பொட்டியைக் கிளப்பி, கோப்புகளை நகலெடுக்க வைத்தாள். டிஸ்க் பழசு. எறும்பு ஊர்கிற மாதிரி ஊர்ந்தது. சாயங்காலம் வரைக்கும் ஆகும் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து ஜெபசிங் அண்ணாச்சி போன் செய்தார். விளம்பர வண்டி எங்கே என்று கேட்டார். மகள் எடுத்துப் பாதி சொல்வதற்குள் அவர் ரமாபாயிடம் கொடு என்றார்.

"எம்மா தங்கச்சி, கம்ப்யூட்டர் பேசலன்னா பேசாட்டும். ஒனக்கு வாய் இருக்குல்லா?"

அவர் அவசரத்தில் சொன்னார். ரமாபாய்க்கு அது மனசில் ஒட்டிக்கொண்டது. அவள் டில்லிபாபுவிடம் வண்டியில் மைக்கை மாட்ட முடியுமா என்று கேட்டாள். கட்சிக் கூட்டத்துக்குப் போன மைக் ஒன்று கிடக்கிறது, எதற்கு என்றான். நானே வந்து பேசுகிறேன் என்றாள். அவன் கீழே இறங்கிப் போய் வண்டியின் முன்சீட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

நகலெடுப்பதைப் பார்த்துக்கொள்ள ஜெஸ்லின் இருந்தாள். இவர்கள் இரண்டு பேரும் கிளம்பினார்கள். டோல்கேட் தாண்டுகிறவரைக்கும் ரமாபாய் மைக்கை ஆன் பண்ணவே இல்லை.  வெளிச் சத்தம் வராமலிருக்க ஜன்னலில் கம்பளி தொங்கவிட்ட அறையில் உட்கார்ந்து அவள் எத்தனையோ முறை 'அம்மா வாங்க' என்று சொல்லியிருக்கிறாள். ஒரு அம்மாவும் அங்கே வந்ததில்லை. தப்பாகப் பேசினால் வெட்டிவிடலாம். இங்கே வெட்ட முடியாது. இரண்டு பக்கமும் பஸ், லாரி, ஹாரன், மேலே மெட்ரோ ரயில் போகிற சத்தம். டில்லிபாபு வேகத்தைக் குறைத்து, அவள் பேசுவது பதியட்டும் என்று போனில் ரெக்கார்டிங்கைப் போட்டு அவள் மடியில் வைத்தான். ஆரம்பிக்கலாமா என்றுகூடக் கேட்கவில்லை. காலடிப்பேட்டை மார்க்கெட் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னான்.

அவள் ஆரம்பித்தாள். முதல் இரண்டு வாக்கியம் நடுங்கியது. மூன்றாவதில் குரல் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இட்லிப் பானை, குக்கர், தோசைக்கல், எவர்சில்வர் அண்டா என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். கடைப் பெயர் வருகிற இடத்தில் ஜெஸ்லின் சொன்னது ஞாபகம் வந்தது. தேரடியில் நம்ம அண்ணாச்சி பாத்திரக் கடை என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாள். யாருக்கும் எந்தக் குழப்பமும் வரவில்லை. ஊரே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

மார்க்கெட் வாசலில் வண்டி நெரிசலில் நின்றது. நடைபாதையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அங்கம்மா என்கிற பெண் தன் பாட்டுக்கு, ஆள் இல்லாமல் பேசுகிற ஸ்பீக்கரைத் திட்டுகிற வழக்கப்படி, போன தபா வாங்கின இட்லிப் பானையில மூடி நிக்கவே இல்லடி என்று உரக்கச் சொன்னாள்.

"எந்தக் கடையில வாங்கின அக்கா?" என்று ஸ்பீக்கர் கேட்டது.

அங்கம்மாவின் கை மீனோடு நின்றுவிட்டது. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"ஏய், நீ டேப்பு இல்லியா?"

"டேப்பு இல்லக்கா. உசுரோடதான் கீறேன். வண்டியில முன்னால பாரு."

அங்கம்மா எழுந்து வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். இத்தனை வருஷம் காலையில் தன்னை எழுப்பிய உப்பு வண்டிக் குரல் இந்த ஒல்லியான பெண்ணுடையதா என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. 'கல் உப்பே' என்று ஒருதரம் சொல்லச் சொன்னாள். ரமாபாய் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பிறகு அங்கம்மா இட்லிப் பானைக்குத் திரும்பினாள்; பழசை வாங்கியது வேறு கடையில் என்றாள். இந்தக் கடைப் பானையில் மூடி நிற்குமா, ஆவி வெளியே போகுமா, கைப்பிடி கழன்று வருமா, பழசைக் கொடுத்தால் எடுத்துக்கொள்வாரா என்று கேட்டாள். ரமாபாய் ஒவ்வொன்றுக்கும் மைக்கிலேயே பதில் சொன்னாள். தெரியாததைத் தெரியாது, அண்ணாச்சியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். மார்க்கெட்டே இந்தப் பேரத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது. நெரிசல் கலைந்த பிறகும் டில்லிபாபு வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஒரு பஸ் டிரைவர் ஹாரனை அழுத்திவிட்டு, என்ன நடக்கிறது என்று புரிந்ததும் அவரும் காது கொடுத்தார்.

எர்ணாவூர் வரை போய்த் திரும்பினார்கள். வழியெல்லாம் யாராவது எதையாவது கேட்டார்கள். ஒரு வீட்டு மாடியிலிருந்து, பாய் வண்டியில் பேசுகிறதும் நீதானா, நாங்கள் உன்னை வயசானவள் என்று நினைத்தோம் என்று ஒரு குரல் வந்தது. கடல் காற்றில் முடி கலைந்து, வாயெல்லாம் தூசியாக ரமாபாய் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தொண்டை கட்டியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு டில்லிபாபுவிடம், எனக்குப் பதில் சொல்லிக்கினே வந்தாங்கய்யா என்றாள். அவன் தெரியும் என்றான். பக்கத்தில் உட்கார்ந்து முழுசும் கேட்டவன்தான். ஆனாலும் அவள் மறுபடி ஒருமுறை ஆரம்பத்திலிருந்து சொன்னாள், அவனும் கேட்டான்.

கோப்புகள் பத்திரமாக வந்துவிட்டிருந்தன. பழைய பதிப்பை ஜெஸ்லின் இன்னொரு பென் டிரைவில் தயார் செய்து வைத்திருந்தாள். காலையில் போடலாம் என்று முடிவானது.

காலையில் மூன்று பேரும் பொட்டியைச் சுற்றிக் கூடினார்கள். ரமாபாய்தான் கீபோர்டில். பீப் கேட்டது. எஸ், என்டர். கொஞ்ச நேரம் கழித்து ஓர் இயந்திர ஆங்கிலக் குரல் பேச ஆரம்பித்தது. ரமாபாய் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். எந்த மொழி, எந்த நாடு, கணினிக்கு என்ன பெயர் என்று அது கேட்டுக்கொண்டே போனது. அவள் எண்களைத் தட்டிக்கொண்டே போனாள். ஜெஸ்லினுக்கு அந்தப் பேச்சில் பாதி புரியவில்லை. திரையைப் பார்த்துப் படித்துக்கொண்டு வந்தாள். டிஸ்க்கை முழுதும் அழிக்கட்டுமா என்று கேட்ட இடத்தில் ரமாபாயின் விரல் நின்றது.

"எல்லாம் எடுத்துட்டோம்தானே?"

ஜெஸ்லின் வெளி டிஸ்க்கைத் தன் லேப்டாப்பில் மாட்டி, உப்பு விளம்பரத்தை ஓடவிட்டாள். 'கல் உப்பே' என்று அறை முழுக்கக் கேட்டது. ரமாபாய் 'சரி'யைத் தட்டினாள்.

பாதி வழியில் குரல் நின்றுவிட்டது. ரமாபாய் காத்திருந்தாள். வேலை நடக்கிறதா, அல்லது ஏதாவது கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறதா, அல்லது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று தெரியவில்லை. சத்தம் இல்லாவிட்டால் அவளுக்கு எல்லாம் ஒன்றுதான். டில்லிபாபு சுவரோடு ஒட்டி நின்றான். இந்தத் தடவை எதையும் தொடக் கூடாது என்று இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தான். ஜெஸ்லின் திரையில் குனிந்தாள். கேள்வி இருக்குக்கா, எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்கணும்னு கேக்குது, பொட்டியோட டிஸ்க்கு பட்டியல்ல ரெண்டாவதா இருக்கு, ரெண்டைத் தட்டுங்க என்றாள். ரமாபாய் தட்டினாள். குரல் திரும்ப வந்தது. அதன் பிறகு எங்கே குரல் தடுமாறினாலும் ஜெஸ்லின் படித்தாள், எங்கே திரையில் எழுத்துகள் வேகமாக ஓடினாலும் ரமாபாய் கேட்டுச் சொன்னாள்.

பொட்டி அணைந்து மறுபடி எழுந்தது. திரையில் பழைய நீலப் படம் வந்திருப்பதாக ஜெஸ்லின் சொன்னாள். ரமாபாய் திரைவாசிப்பானுக்கான பட்டனை அழுத்தினாள். தமிழைத் தேர்ந்தெடுத்தாள். வேகத்தை மேலே மேலே ஏற்றினாள்.

வரதன் பேசினார். மூக்கடைப்போடு, பழைய தலைதெறிக்கிற ஓட்டத்தில், தேதியையும் நேரத்தையும் சொல்லிவிட்டு, மின்னஞ்சல் எதுவும் இல்லை என்றார்.

ரமாபாய் ரெக்கார்டிங் மென்பொருளைப் போட்டு, மைக்கை மாட்டித் திறந்தாள். வரதன் நிற்கவில்லை. அவள் மைக்கில் 'ஹலோ' என்றாள். வரதன் 'பதிவாகிறது' என்றார். சிறிது நேரம் அவள் சும்மாவே பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்தாள், எல்லா மெனுவுக்குள்ளும் போய் வந்தாள், ஊரிலிருந்து வந்தவரிடம் ஒவ்வொருவராக விசாரிக்கிற மாதிரி. ஜெஸ்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. அது ரமாபாய்க்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்ததும் மூக்கையும் உறிஞ்சினாள். அந்தச் சத்தத்தில் மாட்டிக்கொண்டாள். ரமாபாய் அவள் தோளைத் தேடித் தட்டிக்கொடுத்தாள். டில்லிபாபு எங்கே என்று கேட்டபோது அவன் டீ வாங்கப் போய்விட்டிருந்தான். டீயோடு சமோசாவும் வாங்கி வந்து, யாருக்கும் முகம் காட்டாமல் வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கக் கீழே போனான்.

ரமாபாய் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அடுத்த தடவை அந்தக் கட்டம் வரும்போது உனக்கு நல்ல வார்த்தையாகத் தெரிந்தாலும் என்னிடம் ஒருதரம் படித்துக் காட்டு, நீ படித்தால்தானே எனக்குத் தெரியும் என்றாள். அவன் சரி என்றான். தான் அமுக்கியதால்தான் இவ்வளவும் என்று மூன்று நாளாக அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.  சமோசாவில் பெரியதை அவன் எடுத்துக்கொண்டதிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கடிக்கிற சத்தம் அப்படி.

அன்றைக்கே விளம்பரத்துக்கு உட்கார்ந்தாள். அறைக்குள் புதிதாகப் பேசிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. ஆனால் போனில் பதிந்திருந்த காலடிப்பேட்டைப் பேரத்தைப் போட்டுக் கேட்டபோது தன் குரலே வேறு மாதிரி இருந்தது. ஹாரன்களையும் மெட்ரோ சத்தத்தையும் வரதன் துணையோடு பொறுக்கிப் பொறுக்கி வெட்டினாள். அங்கம்மாவின் கேள்விகளை வெட்டவில்லை. மேளத்தை எடுத்துவிட்டாள். கேட்டுப் பார்த்த ஜெஸ்லினுக்கு அதில் தன் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லாதது முதலில் கவனத்தில் படவே இல்லை. கவனித்ததும் அப்பாவைப் பற்றிக் கவலைப்பட்டாள்.

அங்கம்மாவின் அனுமதியைக் கேட்க டில்லிபாபு போனான். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். காலடிப்பேட்டை மீன்காரி அங்கம்மா கேட்கிறா என்று பெயரையும் இடத்தையும் சொல்லவேண்டும். ரமாபாய் அப்படியே சேர்த்தாள். அண்ணாச்சி முழுதும் கேட்டார். கடைப் பெயர் எங்கே என்றார். ஊர்க்காரங்க உங்களை அண்ணாச்சி கடைன்னுதான் தேடுவாங்க, போர்டில் பாப்பா பெயர் பெரிசாகத்தானே இருக்கிறது என்று ரமாபாய் சொன்னாள். மூடி நிற்காத பானையென்று ஒருத்தி சொல்வது தன் விளம்பரத்தில் வருவது பற்றியும் அவருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் வண்டி ஓடிய அன்றைக்கே பெண்கள் டோல்கேட் கடைக்கு வந்து, மூடி நிற்கிற அந்தப் பானை எங்கே என்று கேட்க ஆரம்பித்ததும் சந்தேகம் போய்விட்டது.

திறப்பு விழாவில் பாஸ்டர் ஜெபம் செய்தார், தேரடி வியாபாரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். அண்ணாச்சி ரமாபாயைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு அலமாரியாக நிறுத்தினார். அவள் அண்டாவைத் தட்டிப் பார்த்தாள், மூடிகளைத் திருகிப் பார்த்தாள், குக்கர் கைப்பிடியை அசைத்துப் பார்த்தாள். அடுத்த முறை யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லவேண்டி வராது.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் ரமாபாய் வண்டியிலேயே போனாள். மற்ற நாளெல்லாம் வரதனோடு அறைக்குள் வேலை. சனிக்கிழமை தெரு. டில்லிபாபு பின்னால் கொஞ்சம் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை எர்ணாவூர் தாண்டியதும் வண்டி அசையவில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கு எட்டிய தூரத்துக்கு நிற்கின்றன என்று டில்லிபாபு சொன்னான். வீடு இல்லை, கடை இல்லை, ஒரு பெண் இல்லை. மைக்கை அணைத்துவிடு, வீணாக எதுக்கு என்றான். ரமாபாய் கொஞ்சம் யோசித்தாள். லாரிகளின் இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைவது கேட்டது. டிரைவர்கள் இறங்கித் தெலுங்கிலும் இந்தியிலும் பேசிக்கொண்டு நின்றார்கள். அவள் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"டிரைவர் அண்ணாங்களே, டீ ஆத்திக் குடிக்க ஒரு டம்ளர் வாங்கிக்கிறீங்களா? லாரியில உருண்டாலும் நசுங்காது."

தமிழ் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார். சிரிப்புச் சத்தம் எழுந்தது. ஓர் ஆந்திராக்காரர் வந்து எவர்சில்வர் டம்ளரைத் தரையில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். போடுங்க என்றாள் ரமாபாய். டம்ளர் ரோட்டில் கணீரென்று விழுந்து, உருண்டு, ஒரு லாரிச் சக்கரத்தில் முட்டி நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள், ஒரு நசுங்கல்கூட இல்லை. டில்லிபாபு வண்டியை விட்டு இறங்கிப் பின்பக்கக் கதவைத் திறந்தான்.